ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3: பிரிப்பதற்கு முன் எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

ஹெரால்டு69 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1969-இல் புதிதாக வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1991-க்குப் பிறகு அது சாலைக்கு வரவே இல்லை. தாம்பரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையின் கூரை ஒழுகாமல் இருந்ததால், சேஸிஸ் துருப்பிடித்து இற்றுப்போகாமல் தப்பித்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்றும் அப்பாவின் பெயர் மட்டுமே உள்ளது. வருகிற தை மாதம் பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கி வேலையை முறையாகத் தொடங்க எண்ணியிருக்கிறேன். ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் வண்டலூர் ஆலையின் வாசலைத் தாண்டிய நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்க வேண்டும், பிறகு நடுவர்கள் மதிப்பெண் இடும் கண்காட்சி ஒன்றில் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை.

என் சிக்கல் ஆதாரங்களைப் பற்றியது. கையில் கிடைக்கும் நூல்களும் படங்களும் நம் வண்டியின் மூல வடிவமான, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைப் பற்றியவை. 1969-இல் அங்கே விற்ற 13/60 வண்டியில் 1296 சி.சி. எஞ்சின் இருந்தது, நம் வண்டியிலோ கடைசிவரை 948 சி.சி. எஞ்சின்தான். நான்கு கதவு ஹெரால்டை அவர்கள் தயாரிக்கவே இல்லை. ஆகவே பின்கதவின் கைப்பிடி, கண்ணாடி இறங்கும் தடம், உள்பக்க அட்டை ஆகிய எதற்கும் அந்த நூல்களில் விடை கிடைக்காது. இந்த வண்டியே எனக்கு ஆதாரம் என்றால், அதைப் பிரிக்கிற ஒவ்வொரு நாளும் ஆதாரத்தில் ஒரு பக்கத்தைக் கிழிக்கிறேன் என்றுதானே பொருள்?

ஒரு பக்கத்தை ஏற்கெனவே இழந்துவிட்டேன். சென்ற ஆண்டு முன் இருக்கைகளைத் தைப்பதற்காக ஒரு கடையில் கொடுத்தேன். புதிய உறைகள் அழகாக வந்தன. பழைய ரெக்சினைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதன் தோல் வரி, தையல் இடைவெளி, ஓர மடிப்பின் நிறம் எதையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை. அந்தி வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு கைபேசிப் படம் மட்டும் இருக்கிறது. பின் இருக்கையை அப்பாவே 1980-களில் மாற்றித் தைத்துவிட்டதால் ஒப்பிடவும் வழியில்லை.

எதை, எந்த வரிசையில், எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்ய வேண்டும்? நான் பதிவு செய்ததை நடுவர்கள் எந்த அடிப்படையில் ஏற்பார்கள்? ஆலையிலேயே ஒழுங்கற்றுச் செய்யப்பட்ட வேலைகளை அப்படியே விடுவதா, திருத்துவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழைய_ஸ்பானர் எழுதியது:

வணக்கம். கோவையில் இதுவரை மூன்று ஹெரால்டுகளை முழுமையாகப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். முதல் வண்டியில் நான் செய்த தவறு, வேலையின் முதல் நாளே அதைக் கழுவியது. மீட்புப் பணியில் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: தயவுசெய்து கழுவாதீர்கள். பானட்டுக்கு உள்ளேயும், டாஷ்போர்டுக்குப் பின்னேயும், சேஸிஸின் மேல்முகத்திலும் ஆலைத் தொழிலாளர்கள் சாக்குக்கட்டியாலும் மெழுகுப் பென்சிலாலும் போட்ட குறிகள் இருக்கக்கூடும். ஐம்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கும். உயர் அழுத்தத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, சிறு சிறு பரப்பாகப் பஞ்சால் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு சட்டகத்திலும் ஓர் அளவுகோலும் ஒரு நிற அட்டையும் இருக்க வேண்டும். நேர்கோணத்தில் ஒன்று, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒன்று, எந்த இடம் என்று தெரியும்படி சற்று விலகி ஒன்று என மூன்று படங்களையாவது எடுங்கள். பக்கவாட்டு ஒளியில்தான் கண்ணாடியின் மூலையில் பொறித்த முத்திரையும், உலோகத்தில் குத்திய எண்ணும், பெயின்ட் வழிந்த தடமும் எழுந்து நிற்கும். சேஸிஸ் எண்ணுக்கும் எஞ்சின் எண்ணுக்கும் படம் மட்டும் போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுப்பதுபோலப் பென்சில் பிரின்ட் எடுத்து, தேதியிட்டு, ஆர்.சி. புத்தகத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். எண் உள்ள இடத்தின் அருகே உப்புத்தாளோ மணல் வீச்சோ படவே கூடாது.

அடுத்து, ஹெரால்டுக்கே உரிய ஒரு விஷயம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ற போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், பாடியைப் பல பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் செய்வித்து, தனிச் சேஸிஸின் மேல் போல்ட்டால் முடுக்கும் அமைப்பு இந்த வண்டிக்கு வாய்த்தது. அதனால் கதவு இடைவெளியையும் பானட் பொருந்துவதையும் தீர்மானிப்பவை, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே செருகிய மெல்லிய தகடுகள். பாடியைத் தூக்கும் முன் ஒவ்வொரு கதவின் இடைவெளியையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். தூக்கும்போது எந்த போல்ட்டின் அடியில் எத்தனை தகடுகள், என்ன தடிமனில் இருந்தன என்று குறித்து, அவற்றைத் தனித்தனி உறையில் போடுங்கள். இதைச் செய்யாத என் இரண்டாவது வண்டியில் இடது பின்கதவை உட்கார வைக்க நாற்பது நாள் ஆயிற்று.

போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வண்டியின் மரைகள் அங்குல அளவு கொண்டவை. அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறத்தாழப் பொருந்திவிடும் என்பதால், இடையில் வந்த மெக்கானிக்குகள் பல இடங்களில் மெட்ரிக் போல்ட்டைத் திணித்திருப்பார்கள். தலையில் உள்ள குறி, நீளம், வாஷர் வகை, முலாமா கறுப்பா என்ற நான்கையும் எழுதினால், எது ஆலையிலிருந்து வந்தது, எது பின்னால் வந்தது என்பது தானாகப் பிரிந்து தெரியும்.

மின்சார பாகங்களில் தேதி இருக்கும். டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகக் குத்துவது லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்பாக நிறுவனத்தின் வழக்கம். நான் பிரித்த வண்டிகளில் லூகாஸ் டிவிஎஸ் பாகங்களிலும் அதைக் கண்டிருக்கிறேன். பாகத்தின் தேதி வண்டியின் பதிவுத் தேதிக்குச் சில மாதங்கள் முன்னதாக இருந்தால் அது வண்டியோடு பிறந்தது என்று நம்ப இடமுண்டு. பின்னதாக இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, மாற்றப்பட்டது. ஒயரிங்கில் நிறமே சாட்சி. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃப்யூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு எர்த். இந்த முறைக்கு மாறாக மஞ்சள் ஒயர் ஒன்று ஹெட்லைட்டுக்குப் போனால், அது யாரோ ஓர் எலக்ட்ரீஷியன் அவசரத்துக்குச் செய்தது.

நிறத்துக்கு, பீடிங் ரப்பருக்கு அடியிலும், பின்பக்க நம்பர் பிளேட்டின் பின்னாலும், டாஷ்போர்டின் உள்முகத்திலும் வெயில் படாத பெயின்ட் கிடைக்கும். டிக்கிக்குள் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 800, 1200, 2000 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுப் படிப்படியாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். வெளியிலிருந்து உள்ளே எண்ணுங்கள், படமெடுங்கள், அந்த வட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பின்னாளில் யார் கேட்டாலும் காட்டலாம்.

ரெக்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். தையல்காரர் மேலுறையைத்தான் கழற்றியிருப்பார். இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கத்தில், கம்பிக் கிளிப்புகள் கடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், பழைய துணியின் விளிம்பு அறுந்து தங்கியிருக்க நல்ல வாய்ப்புண்டு. பின் இருக்கையின் சட்டத்தையும் கவிழ்த்துப் பாருங்கள்.


மிச்சிகன்_தமிழன் எழுதியது:

நான் டெட்ராய்ட் அருகே வசிக்கிறேன். இங்கே நண்பர் ஒருவரின் 1963 செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை மதிப்பீட்டுக்குத் தயார் செய்ய மூன்று ஆண்டுகள் உடனிருந்தேன். வண்டி வேறு, நாடு வேறு. ஆனால் நடுவர்கள் எதை நம்புவார்கள் என்ற உங்கள் கேள்விக்கு அந்த அனுபவம் உதவும்.

கார்வெட் மீட்பாளர்களுக்காக 1974-இல் தொடங்கிய என்.சி.ஆர்.எஸ். என்ற சங்கம் மொத்தம் 4510 மதிப்பெண்களுக்கு வண்டியை அலசுகிறது. 94 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றால்தான் அவர்களுடைய முதல்தரச் சான்று. அவர்களுடைய அளவுகோல் அழகு அன்று. அந்த ஆலையில் அந்த ஆண்டில் வழக்கமாக எப்படிச் செய்தார்களோ அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆலையில் பெயின்ட் சொரசொரப்பாக விழுந்த இடத்தைக் கண்ணாடிபோலப் பளபளக்கச் செய்தால் மதிப்பெண் குறையும். ஒழுங்கற்ற வேலையைத் திருத்துவதா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அங்கே திருத்தினால் தண்டனை.

எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு சிறு தட்டையான பரப்பு உண்டு. அதில் ‘எஃப் 0215 ஆர்.இ.’ என்று குத்தியிருந்தால், ஃபிளின்ட் ஆலையில் பிப்ரவரி 15 அன்று பூட்டிய, 340 குதிரைத்திறனுள்ள, கையால் கியர் மாற்றும் வண்டிக்கான எஞ்சின் என்று பொருள். அதே எஞ்சினின் பின்விளிம்பில் ‘பி 8 3’ என்று வார்ப்பிலேயே எழுந்த எழுத்து இருக்கும்: பிப்ரவரி 8, 1963. வார்த்த நாள், பூட்டிய நாள், வண்டி முடிந்த நாள் ஆகிய மூன்றும் இந்த வரிசையில், நம்பத்தக்க இடைவெளியில் வர வேண்டும். எண்ணைப் போலியாகக் குத்துகிறவர்கள் உண்டு. அதனால் நடுவர்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, எண்ணுக்கு அடியிலுள்ள உலோகத்தையும் பார்க்கிறார்கள். ஆலை இயந்திரம் அந்தப் பரப்பைச் சீவியபோது முன்னிருந்து பின்னாக ஓடும் நுண்ணிய இணைகோடுகளை விட்டிருக்கும். பின்னாளில் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது லேத் பட்டறையில் மேல்முகத்தைச் சீவிவிட்டால் கோடுகளும் போகும், எண்ணும் போகும். ஆகவே உங்கள் எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்பும்போது, எண் உள்ள பரப்பைத் தொடக் கூடாது என்று எழுதி, எண்ணின் மேலேயே ஒட்டி அனுப்புங்கள்.

இன்னொன்று. 1963 கார்வெட்டின் கூப்பே (மூடிய கூரை) வகையில் பின்கண்ணாடி நடுவில் ஒரு தண்டு வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே அதை நிறுவனம் கைவிட்டது. வண்டி புதிதாகத் தோன்றட்டும் என்று பல உரிமையாளர்கள் அந்தத் தண்டை வெட்டியெறிந்து ஒற்றைக் கண்ணாடி பொருத்தினார்கள். இன்று அந்தத் தண்டுக்காகத்தான் அந்த ஆண்டு வண்டியைத் தேடுகிறார்கள். உங்கள் ஹெரால்டில் இன்று அற்பமாகத் தெரிகிற எதையும் வெட்டிவிடாதீர்கள்.


நடுநிலை எழுதியது:

நான் தென்னிந்தியக் கண்காட்சிகள் சிலவற்றில் நடுவர் குழுவில் இருந்திருக்கிறேன். மேலே இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஒரு வேறுபாட்டோடு. கார்வெட்டுக்கு ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்து எழுதிய கையேடுகள் உள்ளன. அதனால் அங்கே வழக்கம் எது என்று உறுதியாகச் சொல்லலாம். வண்டலூர் ஹெரால்டுக்கு அப்படி எதுவும் இல்லை. இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டுப் பாகங்களைக் கூட்டிக்கொண்டே போன காலம் அது. ஒரே ஆண்டில் செய்த இரு வண்டிகளிலும்கூட விளக்குக் கண்ணாடியோ மீட்டரோ மாறியிருக்கலாம். ஆகவே உங்கள் வண்டியில் ஒன்றைக் கண்டால், ‘என் வண்டியில் இப்படி இருந்தது’ என்று எழுதுங்கள். ‘மார்க் 3 எல்லாமே இப்படித்தான்’ என்று எழுதாதீர்கள். கண்டது ஒரு பத்தியில், அதிலிருந்து நீங்கள் ஊகித்தது இன்னொரு பத்தியில் இருக்கட்டும். உரிமையாளர் கொண்டுவரும் கோப்பில் இந்த இரண்டும் கலந்திருந்தால், முழுக் கோப்பையும் நான் ஐயத்தோடுதான் படிப்பேன். ‘இது தெரியவில்லை, எனவே இன்ன வண்டியைப் பார்த்துச் செய்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், மீதியை நம்பத் தொடங்குவேன்.

பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனம், செய்யும் வேலை ஒவ்வொன்றையும் ஆவணப்படுத்தச் சொல்வதோடு, புதிதாகச் செய்து பொருத்தும் பாகத்தில் கண்ணை உறுத்தாத நிரந்தரக் குறி ஒன்று இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் புதிதாக வார்க்கிற கைப்பிடியின் உள்பக்கத்தில் ஆண்டைச் சிறிதாகக் குத்துங்கள். இல்லையென்றால் முப்பது ஆண்டு கழித்து உங்கள் கைப்பிடியையே ஆலைக் கைப்பிடி என்று ஒருவர் அளந்து எழுதிவிடுவார்.

சட்டத்திலும் இதற்குப் பயன் உண்டு. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால்தான் ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவைப் பெறலாம். அந்த வழியில் போக நினைத்தால், பிரிப்பதற்கு முந்தைய படங்கள் உங்கள் கையில் இருப்பது நல்லது.

இருக்கையைப் பொறுத்தவரை, சான்று கிடைக்கும்வரை இப்போதுள்ள உறையை மாற்றாதீர்கள். தவறான உறை ஒன்றைக் கழற்றி, இன்னொரு தவறான உறையைப் போடுவதற்கு அவசரம் எதுவும் இல்லை.


குரோம்பேட்டை_கம்பானியன் எழுதியது:

என்னிடம் 1970-இல் பதிவான ஒரு மார்க் 3-உம், ஓடாத நிலையில் ஒரு கம்பானியனும் (ஹெரால்டின் எஸ்டேட் வடிவம்) உள்ளன. மார்க் 3-இன் பின்கதவு அட்டை ஒருமுறைகூடக் கழற்றப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். நம் சுற்று வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆலை 1988-இல் நின்றுவிட்டதால், அவர்களில் இளையவர்களுக்கே இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியவர் ஒருவர் பெயின்ட் பகுதியில் இருந்தவர். பொதுவாகக் கேட்டால் அவருக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு கதவைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து பெயின்ட் துப்பாக்கியைப் பிடிப்பார்கள், எங்கே பூச்சு மெலிதாகும் என்று அரை மணி நேரம் சொன்னார். உங்கள் வண்டியின் பாகங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். அவர் சொல்வதைப் பதிவு செய்து, பாகத்தோடு ஒத்துப் பார்த்து எழுதுவோம்.


ஹெரால்டு69 எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய_ஸ்பானர் ஐயா சொன்னபடி இன்று காலை பின் இருக்கையின் சட்டத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். பதினொரு கிளிப்புகளில் ஒன்பதில் அப்பா போட்ட உறையின் துணி மட்டுமே இருந்தது. வலது ஓரத்தில் ஒன்றுக்கு அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு ரெக்சின் மடிந்து கிடந்தது. விரித்தபோது உள்மடிப்பில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் கறுப்பு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது கருஞ்சிவப்பு. அதில் ஆறு தையல் துளைகள் உள்ளன. அளவுகோலை வைத்துப் பார்த்தால் துளைக்குத் துளை நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆமாம், தாலிக்கயிற்றுக் குங்குமம் பட்டால்கூடத் தெரியாத நிறம் என்று உன் பாட்டி சொல்வார்” என்றார்.

அளவுகோலுடனும் நிற அட்டையுடனும் படமெடுத்துவிட்டேன். கண்டது, ஊகித்தது என இரண்டு பத்திகள் கொண்ட நோட்டும் தொடங்கியாயிற்று. அம்மா சொன்னதை ஊகத்தில் சேர்ப்பதா, கண்டதில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. இன்னொரு ஐயம்: டைனமோவில் ‘11 68’ என்று தெளிவாக இருக்கிறது, பதிவு 1969 மார்ச்சில். ஸ்டார்ட்டரில் ‘6 74’ என்று இருக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றி, 1968 முத்திரையுள்ள ஒன்றைத் தேடிப் போடுவதா?


நடுநிலை எழுதியது:

அம்மா சொன்னதற்கு மூன்றாவதாக ஒரு பத்தி திறந்து, ‘கேட்டது’ என்று தலைப்பிட்டு, தேதியும் சொன்னவர் பெயரும் எழுதுங்கள். துண்டு ரெக்சின் அதற்குத் துணை நிற்கிறது என்பதையும் அதே வரியில் குறியுங்கள்.

ஸ்டார்ட்டரைப் பொறுத்தவரை, 1974-இலோ அதற்குப் பிறகோ அது உங்கள் அப்பா வாங்கிப் போட்டதாக இருக்கலாம். நான் நடுவராக இருந்தால் அதற்கு ஓரிரு மதிப்பெண் குறைப்பேன். கோப்பில் உண்மையை எழுதியிருந்தால் அதற்கு மேல் குறைக்க மாட்டேன். 1968 முத்திரையுள்ள ஒன்று கிடைத்துப் பொருத்தினால், அது வேறொரு வண்டியிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டுப் பொருத்துங்கள். அப்போதும் கழற்றிய 1974 ஸ்டார்ட்டரைத் துடைத்து, எண்ணெய் தடவி, சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.


பழைய_ஸ்பானர் எழுதியது:

அந்த ரெக்சின் துண்டை வெயிலில் வைக்காதீர்கள். ஒட்டும் நாடாவும் வேண்டாம். அமிலமில்லாத காகிதத்தில் மடித்து, உறையின் மேல் ‘பின் இருக்கை, வலது ஓரக் கிளிப்’ என்று எழுதுங்கள். முன் இருக்கைச் சட்டங்களையும் இதேபோல் கவிழ்த்துப் பார்த்துவிட்டீர்களா? அங்கே எத்தனை கிளிப்புகள் இருக்கின்றன என்று எழுதுங்கள். என் வண்டிகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.